ஆங்கிலப் பேச்சுப் பதற்றமும் அவையஞ்சாமையும்: சித்தையன்கோட்டை போன்ற சிற்றூர்களின் மாணவரை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் பயின்று கல்லூரிக்கு வரும் சிற்றூர் மாணவர் பலர், அம்மொழியில் எழுதப்பட்டதைப் படித்துப் பொருள் உணர்கின்றனர். தேர்வில் எழுதித் தேர்ச்சியும் பெறுகின்றனர். ஆயினும் வகுப்பில் எழுந்து நான்கு தொடர்கள் பேச இயலாது நிற்கின்றனர். இந்நிலையை மொழியறிவுக் குறையாக மட்டும் கொள்வது பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மேலைநாட்டு மொழிப் பதற்றக் கோட்பாடுகளும், தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், திருக்குறளின் அவையஞ்சாமை, நன்னூற் பொதுப்பாயிரம் ஆகியவற்றின் கருத்துகளும் இணைத்து நோக்கப்படுகின்றன. மாணவர் அஞ்சுவது மொழியை அன்று, தம்மை அளந்து நகும் அவையையே என்பதும், அவ்வச்சம் ஆங்கில வகுப்பிற்கு முன்பே தாய்மொழி வகுப்பில் வேர்கொள்கிறது என்பதும், எனவே அதனைக் களைவதில் தமிழ்த்துறைகளுக்கும் பங்குண்டு என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: பேச்சுப் பதற்றம், அவையஞ்சாமை, மெய்ப்பாடு, எள்ளல், இரட்டை வழக்கு, நன்னூல், சிற்றூர் மாணவர்.

1. முன்னுரை

திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் வட்டாரத்தில் அமைந்த சித்தையன்கோட்டை ஒரு பேரூராட்சி. இவ்வூரையும் இதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் சேர்ந்த மாணவர்கள் உயர்கல்வியின்பொருட்டுத் திண்டுக்கல், காந்திகிராமம் முதலிய இடங்களுக்குச் செல்கின்றனர். இவர்களுள் குடும்பத்தின் முதற் பட்டதாரியாக விளங்கவிருப்போர் பலர். கல்லூரியின் இறுதியாண்டில் வளாக நேர்காணலும் குழு உரையாடலும் வருகின்றன. அங்கே பேசாதவர் அறியாதவராகவே மதிப்பிடப்படுகிறார். மூன்றாண்டுப் படிப்பின் பயன் சில நிமிடப் பேச்சில் அளக்கப்படுவதால் மாணவர் வாய்மூடி நிற்பது வாழ்வாதாரத்தைத் தொடும் சிக்கலாகிறது.

இச்சிக்கலுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. மாணவருக்குச் சொல்வளமும் இலக்கணமும் போதா என்பது ஒன்று. அவர் இயல்பிலேயே கூச்சமுடையவர் என்பது மற்றொன்று. முதற்காரணம் மேலும் பாடம் நடத்துவதையும், இரண்டாவது காரணம் தன்னம்பிக்கைச் சொற்பொழிவுகளையும் தீர்வாக முன்வைக்கின்றன. இவ்விரண்டும் விட்டுவிடுவது, பேசும் இடமாகிய வகுப்பறையையும் அங்கே கேட்டிருக்கும் அவையையும் ஆகும்.

2. பதற்றம் பற்றிய கோட்பாடுகள்

அயன்மொழி கற்றலில் எழும் பதற்றத்தைத் தனியொரு பொருளாக வரையறுத்தவர்கள் எலெய்ன் ஹார்விட்ஸ், மைக்கேல் ஹார்விட்ஸ், ஜோன் கோப் ஆகிய மூவர். 1986இல் 'மாடர்ன் லாங்குவேஜ் ஜர்னல்' இதழில் வெளிவந்த அவர்தம் கட்டுரை, அயன்மொழி வகுப்பறைப் பதற்றத்தை மூன்றனோடு தொடர்புபடுத்தியது: பிறரோடு பேசுதற்கு அஞ்சும் தொடர்பாடல் அச்சம், தேர்வு அச்சம், பிறர் தம்மைக் குறைவாக மதிப்பிடுவர் என்னும் அச்சம். இம்மூன்றின் கூட்டுத்தொகை மட்டுமே அப்பதற்றம் ஆகாது என்றும், முதிர்ந்த சிந்தனையுடைய ஒருவர் முதிராத மொழியில் தம்மை வெளிப்படுத்த நேர்வதே அதன் தனித்தன்மை என்றும் அவர்கள் கருதினர். அவர்கள் அமைத்த அளவுகோல் 33 கூற்றுகளைக் கொண்டது. ஒவ்வொரு கூற்றுக்கும் ஐந்து நிலைகளுள் ஒன்றை மாணவர் தெரிவு செய்தல் வேண்டும். கூட்டெண் 33 முதல் 165 வரை அமையும்.

ஸ்டீபன் கிராஷன், அச்சமும் தன்னம்பிக்கையின்மையும் மிகும்போது கேட்கும் மொழி உள்ளத்துள் தங்காமல் தடுக்கப்படுகிறது என்றார். இதனை உணர்வுத் தடுப்பு எனலாம். பீட்டர் மெக்கின்டயரும் ராபர்ட் கார்ட்னரும் பதற்றம் மூன்று நிலைகளில் இடர் விளைப்பதைக் காட்டினர். மொழியைக் கேட்டு வாங்கும்போதும், வாங்கியதை உள்ளத்தில் ஆராயும்போதும், அதனை வெளியிடும்போதும் அது குறுக்கிடுகிறது. மொழி கற்கத் தொடங்கும்போதே இப்பதற்றம் நிலைபெற்று இருப்பதில்லை என்பதும், கசப்பான அனுபவங்கள் திரும்பத் திரும்ப நேர்வதால் அது படிப்படியாக உருவாகிறது என்பதும் அவர்கள் கருத்து. ஆகவே இப்பதற்றம் கற்கப்படுவது. கற்கப்பட்டதாயின் அதனை மறக்கச் செய்யவும் இயலும்.

இதற்கு மறுப்பும் உண்டு. ரிச்சர்டு ஸ்பார்க்ஸ், லியோனோர் கான்ஷோ ஆகியோர் 1990களின் தொடக்கத்தில், பதற்றம் மொழித்திறக் குறையின் விளைவே என்றும், அதனைக் காரணமாகக் கொள்வது முறைமாற்றம் என்றும் வாதிட்டனர். இம்மறுப்பை எளிதில் ஒதுக்க இயலாது. மொழியறிவு குறைந்தவர் அஞ்சுவதும் அஞ்சுபவர் பயிற்சியைத் தவிர்ப்பதால் மேலும் பின்தங்குவதும் ஒன்றையொன்று வளர்க்கும் சுழலாக அமைகின்றன. இவ்விரண்டிற்குமான உறவின் அளவை 2019இல் வெளிவந்த தைமூரி, கோட்சே, பிளான்ஸ்கி ஆகியோரின் தொகுப்பாய்வு கணக்கிட்டது. 97 ஆய்வறிக்கைகளை ஒருங்கே நோக்கிய அத்தொகுப்பாய்வில், பதற்றத்திற்கும் மொழித்தேர்ச்சிக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு −0.36 என அமைந்தது. பதற்றம் மிகத் தேர்ச்சி குறையும் போக்கு உண்டு என்பதையும், தேர்ச்சியின் வேறுபாடுகள் அனைத்தையும் அதனால் விளக்கிவிட இயலாது என்பதையும் இவ்வெண் ஒருசேர உணர்த்துகிறது.

3. மெய்ப்பாட்டியல் நோக்கில் வகுப்பறை அச்சம்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளையும் அவை தோன்றும் நிலைக்களன்களோடு வகுத்துரைக்கிறது. அச்சம் தோன்றும் களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு. இவற்றுள் இறை என்பதற்கு உரை வகுத்த பேராசிரியர், தந்தையரையும் ஆசிரியரையும் அரசரையும் அதனுள் அடக்குகிறார். உயிருக்கு ஊறு செய்யும் விலங்கையும் பொருளைக் கவரும் கள்வரையும் சொன்ன அதே வரிசையில், தீங்கு செய்யாத ஆசிரியரும் அச்சத்தின் களனாக எண்ணப்படுவது கருதத்தக்கது. தம்மை மதிப்பிடும் உரிமை உடையவர் முன் எழும் அச்சத்தை உரைமரபு தனித்து அறிந்திருந்தது என்பது இதனால் பெறப்படும்.

வகுப்பறைப் பதற்றத்தை அச்சம் என்னும் ஒரு மெய்ப்பாட்டில் அடக்கிவிட இயலாது. நகை, இளிவரல் என்னும் இரண்டும் அதனோடு பிணைந்துள்ளன. நகை தோன்றும் களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன. எள்ளலைப் பேராசிரியர் இருவகையாகப் பிரிப்பார்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் எள்ளப்பட்டவழித் தான் நகுதல் மற்றொன்று. உடன்பயிலும் மாணவர் பிழையைக் கேட்டுச் சிரிப்பது முதல்வகை. பேச எழுந்து சொல் வராமல் நின்றவர் தாமே சிரித்துத் தலைகவிழ்வது இரண்டாம் வகை. பின்னதை ஆசிரியர் சிலர் பொறுப்பின்மை எனப் பொருள்கொண்டு கடிந்துகொள்வர். உரையாசிரியரின் பகுப்பு, அச்சிரிப்பு எள்ளப்பட்டதன் வெளிப்பாடு என அடையாளம் காண உதவுகிறது.

இளிவரலின் களன்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பன. இவற்றுள் மென்மைக்கு நல்குரவு என்பது உரைப்பொருள். வறுமையால் எழும் தாழ்வுணர்வு இங்கே தனியே சுட்டப்படுகிறது. தமிழகச் சூழலில் ஒருவரின் ஆங்கில ஒலிப்பு, அவர் படித்த பள்ளியையும் குடும்பத்தின் பொருள்நிலையையும் கேட்போருக்கு அறிவித்துவிடுகிறது. அதனால் ஒலிப்பில் நேரும் ஒரு பிழை மாணவரின் பிறப்பிடத்தையும் வறுமையையும் சுட்டி நகுவதற்கான வாயிலாக மாறுகிறது. இயற்பியல் கணக்கில் நேரும் பிழைக்கு இத்தகைய சுமை இல்லை. மொழிப் பதற்றம் பிற பாடங்களில் எழும் பதற்றத்தினின்று வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஹார்விட்ஸ் முதலியோர் சுட்டிய மூன்றோடு இவற்றை ஒப்பிடலாம். இறைவழி எழும் அச்சம் தேர்வு அச்சத்தோடும், எள்ளல்வழி எழும் அச்சம் எதிர்மறை மதிப்பீட்டு அச்சத்தோடும் பொருந்துகின்றன. நல்குரவுவழி எழும் இளிவரலுக்கு அக்கட்டுரையில் நேரான இணை இல்லை. சிற்றூர் மாணவரை ஆராய்வோர் இவ்விடைவெளியைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.

4. அயன்மொழியாக ஆங்கிலம்

பிரஜ் கச்ரு 1980களில் உலக ஆங்கிலங்களை மூன்று வட்டங்களாகப் பகுத்தபோது இந்தியாவை இரண்டாம் வட்டத்தில் வைத்தார். ஆட்சி, நீதி, உயர்கல்வி ஆகியவற்றில் வழங்குவதால் ஆங்கிலம் இங்கே இரண்டாம் மொழி எனக் கொள்ளப்படும். சித்தையன்கோட்டை போன்ற ஊர்களை நோக்கின் இப்பகுப்பு முழுவதும் பொருந்துவதாயில்லை. கடைப் பலகையிலும் மருந்து உறையிலும் வங்கிப் படிவத்திலும் கைபேசித் திரையிலும் ஆங்கிலம் கண்ணில் படுகிறது. ஆயின் வீட்டிலும் வயலிலும் கடைவீதியிலும் ஒருவர் மற்றொருவரோடு ஆங்கிலத்தில் உரையாடுவதைக் கேட்கும் வாய்ப்பு அரிது. எழுத்தாக அருகில் இருந்து, பேச்சாகத் தொலைவில் இருக்கும் மொழி அது. பேச்சு நிலையில் அதனை அயன்மொழி என்றே கொள்ளுதல் தகும்.

எனினும் ஒன்று உற்றுநோக்கத்தக்கது. பஸ், டிக்கெட், ரேஷன் கார்டு, கரண்ட், சார்ஜர், ரீசார்ஜ் முதலிய சொற்களை இவ்வூர்களில் அனைவரும் தமிழ்த் தொடர்களுக்குள் அச்சமின்றி ஆளுகின்றனர். 'கரண்ட் கட் ஆயிருச்சு' என்று சொல்லும்போது நாத் தடுமாறுவதில்லை. அத்தொடரில் வரும் ஆங்கிலச் சொற்களின் ஒலிப்பை எவரும் திருத்துவதில்லை. அதே மாணவர் அச்சொற்களை ஆங்கிலத் தொடரில் அமைத்து வகுப்பில் சொல்ல எழும்போது பதற்றம் தோன்றுகிறது. சொல் மாறவில்லை, சொல்பவரும் மாறவில்லை. மாறியது கேட்போரின் நிலை. பேச்சைக் கேட்டுப் பொருள் கொண்டவர்கள் இப்போது பேச்சை அளப்பவர்களாகின்றனர். அச்சத்தின் களன் மொழியினும் அவையிலேயே மிகுதியாக உள்ளது என்பதற்கு இவ்வேறுபாடே சான்றாகும்.

5. பேச்சின் உழைப்பு: தமிழ் அமைப்பு நோக்கு

வில்லெம் லெவெல்ட் 1989இல் வெளியிட்ட பேச்சுக் கோட்பாட்டின்படி, பேசுதல் கருத்தாக்கம், தொடராக்கம், ஒலிப்பு என்னும் நிலைகளைக் கொண்டது. பேசுபவர் தம் பேச்சைத் தாமே கேட்டுச் சரிபார்த்தலும் உடன் நிகழும். தாய்மொழியில் தொடராக்கமும் ஒலிப்பும் தாமாகவே நிகழ்வதால் கவனம் கருத்தில் நிற்கும். அயன்மொழியில் அவை ஒவ்வொன்றும் கவனத்தைக் கேட்கின்றன. அச்சமோ அக்கவனத்தின் ஒரு பகுதியை 'என்ன நினைப்பார்கள்' என்னும் எண்ணத்திற்குத் திருப்பிவிடுகிறது. அறிந்த சொல்லும் நாவில் வராமல் நிற்பது இதனால்தான்.

தமிழின் தொடரமைப்பு இவ்வுழைப்பை மேலும் கூட்டுகிறது. 'நான் நேற்றுத் திண்டுக்கல்லுக்குப் போனேன்' என்னும் தொடரில் காலமும் இடமும் சொல்லி முடித்த பின்னரே வினைமுற்று வருகிறது. பேசுபவர் பேசிக்கொண்டே வினையை முடிவு செய்யலாம். ஆங்கிலத்திலோ எழுவாயை அடுத்து உடனே வினையும் அதன் காலமும் உறுதிப்பட வேண்டும். 'நீ எங்கே போனாய்' என்பதை ஆங்கிலத்தில் கேட்க, இறந்தகாலக் குறி வினையைவிட்டு நீங்கித் துணைவினைக்கு ஏறுகிறது. 'வேர் யூ வென்ட்' என்னும் மாணவர் கூற்று, கால உருபை வினையிலேயே வைக்கும் தமிழ் முறையின் தொடர்ச்சியாகும்.

ஒலிப்பிலும் இவ்வாறே. தமிழில் மொழியிறுதி எழுத்துகளைத் தொகுத்த நன்னூல், பன்னிரண்டு உயிரும் பதினொரு மெய்யும் குற்றியலுகரமும் ஆக 24 என எண்ணுகிறது. அப்பதினொரு மெய்களுள் வல்லின மெய் ஒன்றேனும் இல்லை. 'புக்கு', 'கேட்டு' என ஆங்கிலச் சொற்களின் ஈற்றில் உகரம் ஏறுவது இவ்விதியின் செயலே. மெய்ம்மயக்கம் மொழிமுதலில் வாராமையால் 'ஸ்கூல்' என்பது 'இஸ்கூல்' ஆகிறது. இராமன், உலோகம் என வடசொற்களின் முன் உயிர் சேர்த்துத் தமிழாக்கிக்கொண்ட மரபின் உறவுடையது இது. வல்லின எழுத்தின் வன்மையும் மென்மையும் இடம்நோக்கி அமைவதால், மேலங்கியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் வெள்ளாட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் தமிழெழுத்தில் 'கோட்' என ஒன்றாகவே எழுதப்படுகின்றன.

வகுப்பில் நகைக்கு உரியனவாக்கப்படும் வடிவங்கள் பெரும்பாலும் இத்தகையனவே. இவை அறியாமையால் விளைந்த சிதைவுகள் அல்ல. ஒரு மொழியின் விதிகளை மற்றொன்றுக்கு ஏற்றியதால் வந்தவை. இவற்றைத் திருத்துதல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. விதி காட்டித் திருத்தப்படும் மாணவர் தம் தாய்மொழியின் இலக்கணத்தையும் உடன் கற்கிறார். எள்ளித் திருத்தப்படுபவர் அடுத்தமுறை எழுந்து பேசுவதைத் தவிர்க்கவே கற்கிறார்.

6. தாய்மொழி வகுப்பும் இரட்டை வழக்கும்

சார்லஸ் பெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு என்னும் கருத்தை முன்வைத்தார். தமிழ்ச் சூழலில் அதனை விரிவாக ஆராய்ந்தவர் பிரான்சிஸ் பிரிட்டோ. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் தமிழில் பெரிதும் வேறுபட்டு நிற்பது அறிந்ததே. பெர்னார்டு பேட் 2009இல் வெளியிட்ட நூலில், இருபதாம் நூற்றாண்டின் அரசியல் மேடைத்தமிழ் முயன்று கற்று ஆளப்பட்ட வழக்கு என்பதை விளக்கினார்.

இதன் விளைவு வகுப்பறையில் காணலாகும். மாணவர் தம் ஊர்ப்பேச்சில் விடை சொன்னால் அது கொச்சை எனத் திருத்தப்படுகிறது. நூலில் உள்ளவாறு ஒப்பித்தால் பாராட்டப்படுகிறது. நூலின் தொடரைப் பிழையின்றி ஒப்பித்தலே பேச்சு என்னும் எண்ணம் இவ்வாறு இளமையிலேயே பதிகிறது. ஆங்கில வகுப்பிற்குச் செல்லும்போது இவ்வெண்ணமும் உடன் செல்கிறது. மாணவர் முழுத்தொடரையும் உள்ளத்தில் எழுதி, இலக்கணம் சரிபார்த்து, பின்னரே வாய்திறக்க முயல்கிறார். அதற்குள் வினா வேறொருவருக்குப் போய்விடுகிறது. தேர்வுமுறையும் இதற்கு அரண் செய்கிறது. 1968 முதல் நடைமுறையில் உள்ள இருமொழிக் கொள்கையால் ஆங்கிலம் பள்ளிப் படிப்பில் நிலையான இடம் பெற்றிருப்பினும், பொதுத்தேர்வின் பெரும்பகுதி எழுத்துத் தேர்வாகவே உள்ளது.

பேச்சு அச்சம் ஆங்கில வகுப்பில் புதிதாகப் பிறப்பதில்லை. தாய்மொழியிலும் அவையில் பேசிப் பழகாத மாணவரே அங்கே செல்கிறார். ஆங்கிலம் அவ்வச்சத்தைப் பெருக்கிக் காட்டுகிறது.

7. நன்னூல் காட்டும் இரு பாதிகள்

நன்னூற் பொதுப்பாயிரம் மாணாக்கன் பாடம் கேட்கும் முறையைக் கூறுமிடத்து, தீக்காய்பவர் போல ஆசிரியரை நீங்காமலும் மிக அணுகாமலும் அஞ்சியிருத்தலையும், சித்திரப் பாவைபோல் அடங்கியிருத்தலையும் சொல்கிறது. செவியே வாயாகக் கேட்டலும் அங்கே இடம்பெறுகிறது. இப்பகுதியை மட்டும் நோக்கின், பேசாத மாணவரே நல்ல மாணவர் என்னும் முடிவு தோன்றக்கூடும்.

ஆயின் அதே பாயிரம் கல்வி நிரம்பும் அளவையும் வகுத்துக் கூறுகிறது. ஆசிரியரிடம் கேட்பதால் காற்பங்கும், உடன்பயில்வாரோடு பழகுவதால் காற்பங்கும், கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் புலமை நிரம்பும் என்பது அதன் கருத்து. அடங்கிக் கேட்டல் கல்வியின் தொடக்கம். அதன் பெரும்பகுதி உடன்பயில்வாரோடும் அவையோடும் பேசுவதாலேயே நிறைகிறது. இன்றைய வகுப்பறை சித்திரப் பாவையை வைத்துக்கொண்டு, எடுத்துரைக்கும் அரைப்பங்கைக் கைவிட்டுள்ளது. காற்பங்கு கல்வி பெற்ற மாணவரிடம் முழுப்பங்கின் பயனை நேர்காணலில் எதிர்பார்ப்பது முறையாகாது.

திருக்குறள் பொருட்பாலின் 73ஆம் அதிகாரமாகிய அவையஞ்சாமையும் இங்கு நோக்கத்தக்கது. அமைச்சியலில் அமைந்த இவ்வதிகாரம் அரசவையைக் கருதியது ஆயினும், அதன் அடிப்படைக் கருத்து பொதுவானது. அவைக்கு அஞ்சுவோர் கற்ற நூல், போர்க்களத்தில் அஞ்சுவோர் கைவாள் போலப் பயனின்றிப் போகும் என்பது அங்குப் பெறப்படுகிறது. அஞ்சாது மறுமொழி கூறுதற்பொருட்டே சொல்லின் அளவறிந்து கற்க வேண்டும் என்பதும் வள்ளுவர் கருத்து. அவையஞ்சாமை பிறவிக்குணமாகாது, கற்றலால் பெறத்தக்கது என்பது இதனால் விளங்கும். 'அவையறிதல்' என்னும் அதிகாரம் இதற்கு முன்னர் வைக்கப்பட்டுள்ளது. எந்த அவையில் பேசுகிறோம் என்பதை அறிந்தபின்னரே அஞ்சாமை வரும். சிறிய அவையில் தொடங்கிப் பெரிய அவைக்குச் செல்லும் பயிற்சிமுறைக்கு இவ்வைப்புமுறை பொருந்துகிறது.

8. வகுப்பறையில் செய்யத்தக்கவை

தமிழகத்திலும் தென்னிந்தியாவிலும் ஆங்கிலம் கற்பிக்கும் முறைகள் பலகாலும் மாற்றப்பட்டுள்ளன. சென்னை மாநிலத்தில் 1950களில் புகுத்தப்பட்ட அமைப்புமுறைப் பாடத்திட்டம் தொடர் அமைப்புகளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தது. பெங்களூருவை மையமாகக் கொண்டு 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு நடத்திய கற்பித்தல் திட்டம், வரைபடம் பார்த்து வழி கண்டறிதல், கால அட்டவணை கொண்டு கணக்கிடுதல் முதலிய செயல்களின்வழி மொழியைக் கற்பித்தது. உடனே பேச வேண்டும் என அது மாணவரை நெருக்கவில்லை. ஒரு சொல்லிலோ செயலிலோ விடை தந்தாலும் அது ஏற்கப்பட்டது. பேசாத காலமும் கற்கும் காலமே என்னும் இவ்வணுகுமுறை பதற்றம் மிக்க மாணவருக்கு உகந்தது. இவற்றினின்றும் பிற ஆய்வுகளினின்றும் சில நடைமுறைகளைத் தொகுக்கலாம்.

முதலாவது, காத்திருத்தல். மேரி பட் ரோ 1970களில் அமெரிக்க அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்து, வினா எழுப்பிய ஆசிரியர் ஏறத்தாழ ஒரு நொடியே விடைக்குக் காத்திருப்பதைக் கண்டார். அதனை மூன்று நொடியாக நீட்டியபோது விடைகள் நீண்டன. விடையளிக்காமல் இருப்போர் குறைந்தனர். அயன்மொழியில் தொடராக்கத்திற்கு மேலும் நேரம் தேவை என்பது வெளிப்படை.

இரண்டாவது, அவையைப் படிப்படியாகப் பெருக்குதல். பால் நேஷன் விளக்கிய பயிற்சியொன்றில், மாணவர் ஒரே செய்தியை மூன்று பேரிடம் தனித்தனியே முறையே நான்கு, மூன்று, இரண்டு நிமிடங்களில் சொல்கிறார். செய்தி மாறாமையால் கருத்தாக்கச் சுமை நீங்குகிறது. கேட்பவர் ஒருவரே ஆதலால் அவை சிறியதாகிறது. இங்கு ஒரு தடை எழலாம். பிரபுவின் திட்டம் மாணவர் குழுப்பணியை முதன்மைப்படுத்தவில்லை. உடன்பயில்வோரின் எள்ளல் ஆசிரியரின் கண்டிப்பினும் கூரியதாகலாம் என்னும் கவலையும் நியாயமானதே. ஆகவே இணையரைத் தெரிவு செய்யும் உரிமையைத் தொடக்கத்தில் மாணவருக்கே விடுதல் நன்று.

மூன்றாவது, திருத்தும் முறை. ராய் லிஸ்டர், லெய்லா ரான்டா ஆகியோர் 1997இல் கனடாவின் பிரெஞ்சு வகுப்புகளை ஆராய்ந்து, மாணவர் சொன்னதைச் சரியான வடிவில் ஆசிரியர் திருப்பிச் சொல்லுதலே மிகுதியாக வழங்குவதையும், அதனைத் திருத்தம் என மாணவர் பலகால் உணர்வதில்லை என்பதையும் காட்டினர். பேச்சை இடைமறிக்காமல் கேட்டு, பலர்க்கும் பொதுவான பிழைகளைப் பெயர் சுட்டாமல் இறுதியில் கரும்பலகையில் விளக்குதல், மானமும் காத்துத் திருத்தமும் உணர்த்தும் வழியாகும்.

நான்காவது, எள்ளலுக்கு வரம்பு. பிழை கேட்டு நகுதல் கூடாது என்பதை முதல் நாளிலேயே வகுப்பின் ஒழுங்காக ஆசிரியர் அறிவித்து, தாமும் அதனைக் காத்தல் வேண்டும். இறை நகின் அவை நகும்.

9. தமிழ்த்துறையின் பங்கு

ஜிம் கம்மின்ஸ் 1979இல் முன்வைத்த கருத்தின்படி, ஒரு மொழியில் பெற்ற கல்விசார் திறன்கள் மற்றொரு மொழிக்கும் உதவும். செய்தியை வரிசைப்படுத்தல், எடுத்துக்காட்டுத் தருதல், மறுப்புக்கு விடை கூறுதல் ஆகியவற்றைத் தாய்மொழியில் பயின்றவர் ஆங்கிலத்தில் அவற்றைப் புதிதாகக் கற்க வேண்டுவதில்லை.

தமிழகக் கல்லூரிகளில் பகுதி 1 தமிழ் வகுப்பில் பல்வேறு துறை மாணவரும் அமர்கின்றனர். இவ்வகுப்பு மூன்று படிகளில் அவைப்பயிற்சி அளிக்கலாம். முதற்படியில் மாணவர் தம் ஊரின் தொழிலையோ நீர்நிலையையோ விழாவையோ பற்றித் தம் ஊர்ப்பேச்சிலேயே நால்வர் முன் சொல்லலாம். இப்படியில் வழக்குத் திருத்தம் வேண்டா. இரண்டாம் படியில் அச்செய்தியையே பொதுத்தமிழில் வகுப்பின் முன் உரைக்கலாம். மூன்றாம் படியில் ஆங்கிலத் துறையோடு இணைந்து அதனையே ஆங்கிலத்தில் சொல்லலாம். செய்தியும் வரிசையும் முன்னரே பழகியமையால் மொழி ஒன்றே புதிதாக நிற்கும். 1947இல் தொடங்கப்பட்ட காந்திகிராமம் போன்ற நிறுவனங்கள் ஊரக வாழ்வைக் கல்வியோடு இணைத்த மரபு இவ்வட்டாரத்தில் உள்ளமையால், ஊர்ச்செய்தியைப் பாடப்பொருளாக்குதல் இங்குப் புதுமையாகாது. 2022இல் தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகளும், இத்தகைய அடித்தளம் இருப்பின் மேலும் பயன் தரும்.

ஆய்வு நிலையிலும் தமிழ்த்துறைக்குப் பணி உண்டு. பதற்றத்தை அளக்கும் 33 கூற்றுகளைத் தமிழாக்குவோர், அச்சம், கூச்சம், நாணம், வெட்கம், தயக்கம், பதற்றம் ஆகியவற்றைத் தமிழ் வேறுபடுத்துவதை மனங்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு சொல் அடக்கும் உணர்வுகள் தமிழில் பலவாகப் பிரிகின்றன. 'வெட்கமாக இருந்தது' என்னும் மாணவரும் 'பயமாக இருந்தது' என்னும் மாணவரும் வெவ்வேறு களன்களைச் சுட்டுகின்றனர். மெய்ப்பாட்டியல் அடிப்படையில் சொற்களை வரையறுத்து அமைக்கப்படும் அளவுகோலே இவ்வேறுபாட்டைக் காட்டவல்லது.

10. முடிவுரை

ஆங்கிலப் பேச்சுப் பதற்றம் மொழியறிவுக் குறையோடு தொடர்புடையது; ஆயினும் அதனுள் முற்றும் அடங்குவதன்று. கடன்சொற்களை அச்சமின்றி வழங்கும் மாணவர் வகுப்பில் அஞ்சுவது, மதிப்பிடும் அவையே அச்சத்தின் களன் என்பதைப் புலப்படுத்துகிறது. இறைவழி அச்சம், எள்ளல்வழி நகை, நல்குரவுவழி இளிவரல் ஆகியவை ஒருங்கே செயற்படும் நிலை அது. நகைக்கப்படும் ஒலிப்புகளும் தொடர்களும் தமிழிலக்கண விதிகளால் விளக்கத்தக்கவை. எடுத்துரைத்தல் கல்வியின் அரைப்பங்கு என்னும் நன்னூற் கருத்தை நடைமுறையில் கொணர்வதும், அதனைத் தாய்மொழி வகுப்பிலிருந்தே தொடங்குவதும் இப்பதற்றத்தைக் குறைக்கும் வழிகளாகும். சித்தையன்கோட்டை போன்ற ஊர்களிலிருந்து வரும் மாணவர் நேர்காணல் அறையில்தான் முதன்முதலாக அவையைச் சந்திக்கிறார் எனில், அதற்கு முன் அவர் அமர்ந்திருந்த வகுப்புகள் அனைத்தும் அதற்குப் பொறுப்புடையவையே. அவற்றுள் தமிழ் வகுப்பும் ஒன்று.